பாலைவனத்தில் ஒரு ஊற்றுக்கண்

ஐந்தாறு இதழ்களாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கடிதம் போட்டுக் கேட்ட அத்தனை பேருக்கும் முதலில் ஒரு நல்ல சேதி. நான் பாட்டியாகிவிட்டேன்! மகளின் பிரசவத்துக்காக டிசம்பர் கடைசியில் அபுதாபி போனேன். போன பத்தாம் நாள் பேரன் பிறந்தான். மார்ச் கடைசியில்தான் ஊர் திரும்பினேன். அங்கே இருந்தபோது ஒரே ஒரு நாள் பாலைவனத்துக்குள் ஒரு ஊருக்குப் போய் வந்தோம். அந்த ஒரு நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை உங்களோடு பகிர்ந்து கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஊரின் பெயர் அல் ஐன். அபுதாபியிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பேரனுக்கு நாற்பது கழிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. “பச்சை உடம்புக்காரியையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு பாலைவனப் பிரயாணமா?” என்று நான் தடுத்துத்தான் பார்த்தேன். மாப்பிள்ளைதான், “பிப்ரவரி மாசம் அத்தை, நம்ம ஊர் மார்கழி மாதிரி இருக்கும். ரெண்டு மாசமா வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கறா. கொஞ்சம் வெளிக்காத்து படட்டும்” என்றார். மகள் எதுவும் சொல்லவில்லை. சில நாட்களாகவே அவள் அப்படித்தான், கேட்டால் ஒரு வார்த்தை, இல்லையென்றால் அதுவும் இல்லை. தூக்கக் குறைவு, வேறென்ன என்று நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு. அதற்குப் பிறகு வருகிறேன்.

கிளம்பும்போதே எனக்கு ஒரு குட்டு. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரப் போனேன். அங்கே அது சட்டப்படி குற்றமாம். 4 வயதுவரை குழந்தைக்கென்றே உள்ள இருக்கையில் வைத்துப் பட்டை போட்டுத்தான் கூட்டிப் போக வேண்டும். “நாங்கள்லாம் மடியிலே வச்சு வளர்க்கலையா?” என்று முணுமுணுத்தேன். சடன் பிரேக் போட்டால் மடியில் இருக்கும் குழந்தையை எந்தத் தாயாலும் பிடித்து நிறுத்த முடியாது என்று மாப்பிள்ளை பொறுமையாக விளக்கினார். யோசித்துப் பார்த்தால் நியாயம்தானே!

ஊரை விட்டு வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் மணல்தான். போகப் போக மணல் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறுகிறது. இடையில் ஒரு இடத்தில் காரை நிறுத்தி, குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, நான் கட்டிக் கொண்டு போன புளியோதரையையும் பிளாஸ்க் காபியையும் முடித்தோம். அதே வழியை ஒட்டகத்தில் கடக்க அந்தக் காலத்தில் ஐந்து நாளைக்கு மேல் ஆகுமாம். மேல்திசையில் வளைகுடாக் கடற்கரை, கீழ்த்திசையில் ஓமானின் ஸோஹார் துறைமுகம். இரண்டுக்கும் நடுவே மலைக்கணவாய் வழியாக வியாபாரக் கூட்டங்கள் போய் வந்திருக்கின்றன. வழியில் மனுஷனுக்கும் ஒட்டகத்துக்கும் தண்ணீர் கிடைக்கிற இடம் இதுதான். அதனாலேயே இங்கே ஊர் உண்டாயிற்று. ஒன்றில்லை, ஒன்பது ஊர்கள். இப்போது அதில் ஆறு அபுதாபியைச் சேர்ந்தவை, புரைமி உள்ளிட்ட மூன்று ஓமானைச் சேர்ந்தவை. ஒரே சோலை, நடுவில் நாட்டு எல்லை!

எவ்வளவு பழைய இடம் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்தில் ஹஃபீத் என்ற மலையின் அடிவாரத்தில் தேன்கூடு போலக் கல் அடுக்கிய கல்லறைகள் இருக்கின்றன. 5,000 வருஷத்துப் பழசாம். ஹிலி என்ற பகுதியில் தோண்டியபோது நம் சிந்து சமவெளிப் பக்கத்துச் செம்மணிகள்கூடக் கிடைத்திருக்கின்றன. அந்தக் காலத்திலேயே எவளோ ஒருத்தி நம் பக்கத்து மணியைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு இந்த ஊரில் நடமாடியிருக்கிறாள், பாருங்களேன்! 2011-ல் யுனெஸ்கோ இந்த இடங்களை எல்லாம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

‘ஐன்’ என்றால் அரபியில் கண் என்று அர்த்தமாம். ஊற்று என்றும் அதுவே அர்த்தமாம். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நாமும் ‘ஊற்றுக்கண்’ என்றுதானே சொல்கிறோம்!

முதலில் ஜாஹிலிக் கோட்டைக்குப் போனோம். 1890-களில் கட்டிய மண் கோட்டை, மணல் நிறத்தில் அமைதியாக நிற்கிறது. உள்ளே வில்ஃப்ரெட் தெசிகர் என்ற ஆங்கிலேயர் எடுத்த புகைப்படங்களை வைத்திருக்கிறார்கள். 1946-லிருந்து 1948-க்குள் ‘வெற்றுக் கால்பகுதி’ என்று சொல்லப்படுகிற பெரும் பாலைவனத்தை ஒட்டகக் கூட்டத்தோடு இரண்டு தடவை கடந்தவராம். தோல் பையில் தண்ணீர், கூடவே கொஞ்சம் மாவும் பேரீச்சம்பழமும், அவ்வளவுதான் சாப்பாடு. அந்தப் படங்களைப் பார்த்த பிறகு, பாட்டில் தண்ணீர் கொஞ்சம் சூடாகிவிட்டது என்று முகம் சுளித்ததற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

அங்கிருந்து சோலைக்குப் போனோம். நுழைவுக் கட்டணம் கிடையாது. இரண்டு பக்கமும் ஆள் உயரச் சுவர், நடுவே கல் பாவிய சந்து, தலைக்கு மேலே பேரீச்சை மட்டைகள் கூரை போட்ட மாதிரி. வாசலில் கண்ணைக் கூசவைத்த வெயில் உள்ளே நாலு அடி வைத்ததும் காணாமல் போய்விட்டது. 1,47,000 பேரீச்சை மரங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். உயரத்தில் பேரீச்சை, அதன் நிழலில் மாவும் எலுமிச்சையும் வாழையும், அதற்கும் கீழே ஆட்டு மாட்டுக்குத் தீவனப் புல். மேலே இருப்பது வெயிலை வாங்கிக்கொண்டு கீழே இருப்பதைக் காப்பாற்றுகிறது.

ஒரு மரத்தில் தோட்டக்காரர் ஒருவர், நம் பனையேறிகள் மாதிரியே இடுப்பில் கயிற்று வார் கட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். கையில் பூக்கொத்து. பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காற்றை நம்பிக் காத்திருந்தால் காய்ப்பு சரியாக இருக்காது என்று, ஆண் பூவின் சில இழைகளை எடுத்துப் பெண் பாளைக்குள் வைத்துக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு மரமாக, ஒவ்வொரு பாளையாக, எல்லாம் கையால். பிப்ரவரி, மார்ச்சில் இந்த வேலை. கோடையில் பழம். கடையில் பாக்கெட்டாக வாங்கிப் பிரித்துப் போட்டுக்கொள்கிறோமே, அதற்குப் பின்னால் இத்தனை கை இருக்கிறது.

சரி, பாலைவனத்தில் இத்தனை மரத்துக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதுதான் அந்த ஊரின் ரகசியம். ‘ஃபலஜ்’ என்று பெயர். மலையடிவாரத்தில், நிலத்தடி நீர் இருக்கும் ஆழம்வரை முதலில் ஒரு கிணறு வெட்டுகிறார்கள். அந்தக் கிணற்றின் அடியிலிருந்து ஊரை நோக்கி, நிலத்துக்கு அடியிலேயே, ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்குச் சுரங்கம். சரிவு மிகமிகக் கொஞ்சம். அதிகம் சரிந்தால் நீர் வேகத்தில் மண்ணை அரித்துவிடும், குறைந்தால் தேங்கிவிடும். உள்ளே இறங்கித் தூர் வாரவும் காற்று போகவும் வழியெல்லாம் வாய் திறந்த குழிகள். ஏற்றம் இல்லாமல், மாடு இல்லாமல், நீர் தானாகவே நடந்து வந்து சோலையின் விளிம்பில் வெளிச்சத்தைப் பார்க்கிறது. ஹிலி பக்கம் 3,000 வருஷத்து ஃபலஜையே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சோலைக்குள் வந்த பிறகு சின்னச் சின்ன வாய்க்கால்கள். இந்தத் தோட்டத்துக்கு இவ்வளவு நேரம், அடுத்த தோட்டத்துக்கு இவ்வளவு நேரம் என்று முறை. பகலில் குச்சி நட்டு நிழலைப் பார்த்தும், இரவில் நட்சத்திரத்தைப் பார்த்தும் நேரம் கணக்கிடுவார்களாம். அதைக் கவனிக்க ஊருக்கு ஒருவர், ‘ஆரிஃப்’ என்று பெயர். எங்கள் ஊர்க் குளத்துக்கு நீர்பாய்ச்சி என்று ஒருவர் உண்டு. மண்வெட்டியோடு நின்று மடை மாற்றி விடுவார், அவர் சொன்னால் மறு பேச்சு கிடையாது. சாட்சாத் அதே வேலை!

1946-ல் ஷேக் ஸாயித் இந்தப் பகுதிக்குப் பொறுப்பாளராக வந்தபோது, பல ஃபலஜ்கள் தூர்ந்து கிடந்தனவாம். தண்ணீர் முறையையும் வசதி உள்ளவர்கள் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார்களாம். அவர் தூர் வாரச் செய்து, தானே சுரங்கத்தில் இறங்கி ஆட்களோடு வேலை செய்து, தண்ணீரை எல்லோருக்கும் பொதுவாக்கினார் என்று இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். 1971-ல் ஐக்கிய அரபு நாட்டின் முதல் தலைவரானவர் அவர்தான். இப்போது நிலத்தடி நீர் இறங்கிப் போனதால் பம்பு வைத்தும் நீர் சேர்க்கிறார்கள். கவனிக்காவிட்டால் 3,000 வருஷத்துச் சொத்தும் வற்றிப் போகும்.

அந்த முதல் கிணற்றுக்கு என்ன பெயர் தெரியுமா? ‘உம்’. அரபியில் அம்மா என்று அர்த்தம். தாய்க்கிணறு!

வாய்க்கால் ஓரம் மேடையில் உட்கார்ந்தோம். பக்கத்தில் பாய் விரித்து ஒரு குடும்பம். அதில் ஒரு வயதான அம்மாள். புருவத்தையும் மூக்கையும் மறைக்கிற மாதிரி அந்தக் காலத்து முகமூடி அணிந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் வா வா என்று கையசைத்தார். சின்னக் கிண்ணத்தில் ஏலக்காய் மணக்க மணக்கக் காபி, தட்டில் பேரீச்சம்பழம். நான் வழக்கம் போல முந்திக்கொண்டு கையை நீட்டினேன். அவரோ என்னைத் தாண்டி என் மகளுக்குத்தான் முதலில் கொடுத்தார். காபி போதுமென்றால் கிண்ணத்தை லேசாக ஆட்ட வேண்டுமாம். எனக்கு அது தெரியாமல் நாலு கிண்ணம் குடித்தேன்!

பேத்தி ஆங்கிலம் பேசினாள், மாப்பிள்ளை தமிழில் சொன்னார். நம் ஊர்ப் பேச்சேதான். அங்கேயும் பிள்ளை பெற்றவளுக்கு 40 நாள் ஓய்வு. அங்கேயும் வெந்தயம் கொடுக்கிறார்கள், ‘ஹில்பா’ என்று பெயர். பிறந்த குழந்தையின் மேலண்ணத்தில் பேரீச்சம்பழம் தடவுகிற வழக்கம்கூட உண்டாம், நாம் சேனை வைக்கிற மாதிரி. பிறகு அந்த அம்மாள் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். “நல்லாத் தூங்குறாங்களான்னு கேக்கறாங்க” என்றார் மாப்பிள்ளை. நான் பெருமையோடு, “ஓ, பேரன் ராத்திரி மூணு மணி நேரம் அசையாமத் தூங்கறான்” என்றேன். பேத்தி சிரித்துவிட்டாள். “குழந்தையைக் கேட்கல. அம்மாவைக் கேட்கறாங்க.”

எனக்குப் பதில் தெரியவில்லை, சகோதரிகளே. ஐம்பது நாளாக ஒரே வீட்டில் இருக்கிறேன். குழந்தை எத்தனை தடவை பால் குடித்தது, எத்தனை துணி நனைத்தது என்று விரல் விட்டுச் சொல்வேன். பெற்ற மகள் தூங்குகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தால் மகள் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரலைம்மா. எழுந்தா தலை சுத்துது. அவனைப் பாத்தா சந்தோஷம் வரணும்ல? வரமாட்டேங்குது. நான் நல்ல அம்மா இல்லையோன்னு பயமா இருக்கு. நீ வேற அடுத்த வாரம் போயிடுவே.” ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா, நாங்கள்லாம் இப்படியா இருந்தோம்னு கேப்பே” என்றாள். சுருக்கென்று தைத்தது. அந்த வார்த்தையை நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!

திரும்பும் வழியில் மாப்பிள்ளை அந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றின் கதையைச் சொன்னார். 1960-க்கு முன்னால் இந்தச் சோலை ஊர்களில் பிறக்கிற குழந்தைகளில் பாதி பிழைப்பதில்லை, பிரசவத்தில் மூன்றில் ஒரு தாய் போய்விடுவாள் என்கிற நிலைமையாம். ஷேக் ஸாயிதும் அவர் அண்ணன் ஷேக் ஷக்பூத்தும் கேட்டுக்கொண்டதன் பேரில், அமெரிக்காவிலிருந்து பாட் கென்னடி, மரியன் கென்னடி என்ற டாக்டர் தம்பதி வந்தார்கள். மண்ணால் கட்டிய ஒரு விருந்தினர் வீட்டில்தான் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார்களாம். 1962-ல் கெர்ட்ரூட் டைக் என்ற கனடா தேசத்து நர்ஸ் வந்து சேர்ந்தார். முப்பது வருஷங்களுக்கு மேல் அங்கேயே இருந்தார். ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘டாக்டரா லத்தீஃபா’, அன்பானவர் என்று அர்த்தம். கென்னடி என்ற பெயர் அங்கத்தியர் வாயில் ‘கனாட்’ ஆயிற்று. இன்றைக்கும் அது கனாட் ஆஸ்பத்திரிதான்.

என் பாட்டி ஒன்பது பெற்று நாலு வளர்த்தவள். அவளும் ‘நாங்கள்லாம் இப்படியா’ என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். போன ஐந்தைப் பற்றி அவள் வாயைத் திறந்ததே இல்லை. அந்தக் காலத்துப் பெண்களுக்குக் கஷ்டம் இல்லாமல் இல்லை. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். காரில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்று சொன்னேன்.

இரண்டாம் நாளே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். ரத்தப் பரிசோதனையில் ஹேமோகுளோபின் 8.6 தான் இருந்தது. மனசைப் பற்றியும் டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். பிரசவம் ஆன முதல் இரண்டு வாரம் அழுகையும் சஞ்சலமும் வருவது சகஜம், தானாகப் போய்விடும். அதற்கு மேலும் நீடித்தால் அது நோய். திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை, வைத்தியம் செய்தால் குணமாகும் என்றார். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். மனநல ஆலோசகரிடம் வாரம் ஒரு நாள் பேச ஏற்பாடு செய்தார். மாப்பிள்ளை என் விசாவை ஒரு மாதம் நீட்டித்தார். அதைவிடப் பெரிய காரியம், இரவில் ஒரு வேளை குழந்தையை அவர் பார்த்துக்கொள்ள, மகள் சேர்ந்தாற்போல நாலைந்து மணி நேரம் தூங்க ஆரம்பித்தாள். நீர்பாய்ச்சி வைத்து முறை போட்ட மாதிரிதான்! நான் கிளம்பும்போது ஹேமோகுளோபின் 10.2. விமான நிலையத்தில் அவள் சிரித்துக்கொண்டே பேரனின் கையைத் தூக்கி எனக்கு டாட்டா காட்டினாள்.

இனி, இளம் தாய்மார்களுக்காக, அந்தப் பயணத்திலும் அதன் பிறகும் நான் கற்றுக்கொண்ட சில விஷயங்கள்:

ரத்த சோகைக்குப் பேரீச்சம்பழமே போதும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. 100 கிராமில் இரும்புச் சத்து சுமார் 1 மில்லிகிராம்தான். தெம்புக்கும் மலச்சிக்கலுக்கும் நல்லது, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் மாத்திரைக்கு ஈடாகாது. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் அளவு பார்க்க வேண்டும்.

இரும்புச் சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை ஜூஸ் நல்லது.

6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, எவ்வளவு வெயிலானாலும், தாய்ப்பால்தான். தண்ணீர், சேனை, பேரீச்சை எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. அடிக்கடி பால் கொடுங்கள், நீங்கள் நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

நிறுத்திய காரில் குழந்தையை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதீர்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் உள்ளே சூடு ஏறிவிடும்.

அல் ஐன் போக நினைப்பவர்கள் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். கோடையில் 45 டிகிரிக்கு மேல் போகும், கைக்குழந்தையோடு வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இது என்னைப் போன்ற அம்மாக்களுக்கும் மாமியார்களுக்கும். சோலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் பழத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறோம். தாய்க்கிணறு எங்கோ தூரத்தில், மண்ணுக்கு அடியில் இருக்கிறது. வருஷா வருஷம் யாராவது இறங்கித் தூர் வாரினால்தான் வாய்க்காலில் தண்ணீர் வரும். உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால் குழந்தையைக் கொஞ்சுவதற்கு முன்னால் அவளிடம் கேளுங்கள்: “நல்லாத் தூங்கினியா கண்ணு?”

பதில் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

பேரனுக்கு இப்போது குப்புற விழத் தெரிந்துவிட்டதாம், நேற்றுத்தான் போனில் சொன்னாள். அடுத்த இதழில் பழையபடி நம் ஊர்ச் சமையலறைக்கு வந்துவிடுகிறேன். உங்கள் பிரசவ கால அனுபவங்களையும் எழுதுங்கள், சேர்ந்து பேசுவோம்.